நாலாவது தொடுகோடு

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்தே சாரல். துணி ஒண்ணும் காயல. பின்பக்கக் கொடி போதாம ஜெபினோட கட்டில் மேல விரிச்சுப் போட்டாச்சு. மகன் அயர்லாந்துல. கட்டில்ல என் சேலை.

கேஸ் புக் பண்ணணும். தேங்காய் தீர்ந்தது.

இன்னைக்கு என் பதில் ஒண்ணு திரும்பி வந்தது. இந்த ஆப்புக்குக் கணக்குப் போட ஆரம்பிச்சதிலிருந்து இதுதான் முதல் தடவை. பிள்ளைகள் சந்தேகத்தைப் போட்டோ எடுத்துப் போடும். நான் கன்னியாகுமரிப் பக்கம் இந்தக் கொட்டாரத்துல சாப்பாட்டு மேஜையில இருந்து தாள்ல எழுதி, போட்டோ எடுத்து அனுப்புவேன். பிள்ளைக்குப் போகிறதுக்கு முன்னால ஒருத்தர் சரிபார்ப்பார். பேர் கிடையாது, ஊர் கிடையாது. 'சரிபார்ப்பவர்', அவ்வளவுதான்.

கேள்வி சாதாரணம். ரெண்டு வட்டம். ஒண்ணுக்கு மையம் ஆதிப்புள்ளி, ஆரம் 2. மத்ததுக்கு மையம் (5, 5), ஆரம் 3. ரெண்டையும் தொடுகிற நேர்கோடுகள் எல்லாம் வேணும். y = mx + c னு வச்சேன். மையத்திலிருந்து கோட்டுக்குள்ள தூரம் ஆரத்துக்குச் சமம். சாய்வு 4/3, 3/4, 0. மூணு கோடு. அனுப்பிட்டுக் கீரை ஆயப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தா சிவப்பு எழுத்து. "மூன்று உள்ளது. நான்கு வேண்டும். மீண்டும் பார்க்கவும்."

பார்க்கவுமாம். எத்தனை வருஷம் பிளஸ் டூ எடுத்தவ நான்.

கோபத்தோட டம்ளரையும் டப்பா மூடியையும் கவுத்தி வட்டம் வரைஞ்சேன். ஸ்கேல் வச்சேன். வெளிப்பக்கமா ரெண்டு. நடுவுல குறுக்க ரெண்டு. நாலுதான். விட்டுப் போனது x = 2. செங்குத்தா நிக்குது, கொடிமரம் மாதிரி. அதுக்குச் சாய்வே கிடையாது, அப்புறம் m னு வச்சுத் தேடினா எங்க வரும்? m² ரெண்டு பக்கமும் அடிபட்டுப் போய் ஒரே ஒரு விடை மிஞ்சினப்பவே யோசிச்சிருக்கணும். y = 2 வந்தா x = 2 வராம இருக்குமா, படமே சொல்லுதே.

திருத்தி அனுப்பினேன். பச்சை டிக்.

கஞ்சி, பயறு. பப்படம் பொரிக்க மடி, சோம்பல்தான்.


ஜூலை 8, செவ்வாய்

மழை இல்ல. காத்து. ஆரல்வாய்மொழிக் காத்தாலை எல்லாம் இன்னைக்கு வெறி பிடிச்சுச் சுத்தும்.

பக்கத்து வீட்டுத் தங்கம் வந்தா, முருங்கைக்காய் கொண்டு. "டீச்சரே, ஒத்தையில இருந்து எழுதிக்கிட்டே இருக்கியளே, பள்ளிக்கூடத்துல திரும்பவும் எடுத்துட்டாங்களா?" இல்லன்னேன். என் வீட்டுக்காரர் படுக்கையில விழுந்தப்ப லீவு கேட்டேன், ஒரு வருஷம். தந்தாங்க. திரும்பிப் போனப்ப என் மேஜையில வேற ஒரு டீச்சர் பிள்ளை. நல்ல பிள்ளை. எந்திரிச்சு நின்னா. அதுதான் பொறுக்கல, அப்படியே திரும்பிட்டேன்.

அவர் போய் ரெண்டு வருஷம். இன்னும் அரிசி ரெண்டு பேருக்குத்தான் அளக்கிறேன்.


ஜூலை 11, வெள்ளி

- கேஸ் வந்தது
- மின்சாரக் கார்டு தேடணும்
- முதுகுக்கு எண்ணெய்

ஒரு பிள்ளை கேட்டிருந்தது: பெரிய வட்டத்துக்குள்ள சின்ன வட்டம், தொடாம கிடக்கு. பொதுத் தொடுகோடு எத்தனை? ஒண்ணும் இல்ல. ஆனா சும்மா பூஜ்ஜியம்னு எழுத மனசு வரல. சின்ன வட்டத்தைத் தொடுகிற எந்தக் கோடும் பெரிய வட்டத்தை வெட்டிக்கிட்டுத்தான் வெளிய போக முடியும்னு படம் போட்டு எழுதினேன்.

அதே ஆள்தான் போல. வட்டம்னா அவர்கிட்டதான் போகுது. பச்சை டிக். கீழே ஒரு வரி: "ஒன்றுமில்லை என்பதையும் காரணத்தோடு எழுதியிருக்கிறீர்கள். நன்று."

நன்று.

திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன், சொல்ல வெட்கமா இருக்கு. நான் செய்கிற ஒரு காரியத்தை ஒருத்தர் பார்த்து நல்லா இருக்குன்னு சொல்லி எவ்வளவு நாளாச்சு. மீன்குழம்பு வச்சா நானே சொல்லிக்கிடணும்.


ஜூலை 13, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். கடைசி பெஞ்சு. போதகர் தனிமையில் இருப்பவர்களுக்காக ஜெபிச்சப்ப முன் பெஞ்சுக்காரி திரும்பி என்னைப் பார்த்தா.

ஜெபின் வீடியோ கால். மருமகள் நைட் டியூட்டி முடிஞ்சு தூங்குகிறாளாம்.

"அம்மா, அங்க தனியா இருந்து என்னதான் செய்யுதீங்க?"

"கணக்குப் போடுதேன்."

சிரிச்சான். "இங்க வந்து போடுங்க. இங்கயும் பேப்பர் உண்டு."

அவனுக்குப் பின்னால ஜன்னல். நரைச்ச வானம். ஒரு ஆள் நடமாட்டம் இல்ல. இங்கயும் அப்படித்தான்னு சொல்ல வந்து, சாப்பிட்டியான்னு கேட்டேன்.


ஜூலை 16, புதன்

வட்டக் கேள்வி ஒண்ணு வந்தது. போட்டு முடிச்சுக் குறிப்புப் பெட்டியில எழுதினேன்: "அன்று சுட்டிக்காட்டியதற்கு நன்றி. செங்குத்துக் கோட்டை மறந்தது வெட்கம்."

மத்தியானம் பதில். "வெட்கப்பட ஒன்றுமில்லை. சாய்வை வச்சுத் தேடினா அது கிட்டாது. தனியா பாக்கணும்."

கிட்டாது!

சென்னைக்காரனா இருந்தா 'கிடைக்காது'ன்னு எழுதுவான். இது நம்ம ஜில்லா. அதுவும் மேற்குப் பக்கம். செந்தமிழ்ல எழுதிட்டே வந்த மனுசன் கடைசியில வாய் தவறிட்டார். அடுக்களையில நின்னு தனியா சிரிச்சேன்.


ஜூலை 17, வியாழன்

துணிஞ்சு கேட்டுட்டேன். பெட்டியில, கணக்குக்குக் கீழே: "அங்கே மழையா?"

"பிடிச்ச மழை. கறண்டு இல்ல. மெழுகுவத்தி வச்சுதான் உங்க கணக்கு பாக்கேன். அங்க?"

"சாரல்தான். வயல் நல்ல பச்சை."

சரிபார்ப்பவர்னு நீட்டி எழுத முடியல. இனி ச.பா.


ஜூலை 21, திங்கள்

தினமும் ஒரு வரி, ரெண்டு வரி. அதுவும் வட்டக் கேள்வி வந்தாத்தான்.

ச.பா.: "இன்னைக்கு மரச்சீனிக் கிழங்கும் சாளை மீனும்."
நான்: "இங்க ரசமும் நானும்."
ச.பா.: "ரெண்டாவது கோட்டுக்கு மாறிலி தப்பு. ரசத்தை வச்சுட்டு வந்து பாருங்க."

பார்த்தேன். தப்புத்தான்.

தங்கம் மதில் பக்கம் நின்னு, "என்ன டீச்சரே, போனைப் பாத்துப் பல்லைக் காட்டிட்டு நிக்கிய?" மகன் போட்டோ அனுப்பினான்னு பொய் சொன்னேன். எதுக்குப் பொய்?

வயசு என்ன இருக்கும் அவருக்கு. ரிட்டயர்டு ஆளா இருக்கும். மனைவி உண்டா. கறாரான எழுத்து. கண்ணாடி போட்டிருப்பார்.

இதையெல்லாம் யோசிக்கப்படாது. ரேஷனுக்குப் போகணும், நாளைக்கு.


ஜூலை 24, வியாழன்

கம்பெனி மெசேஜ். வர்ற மாசத்திலிருந்து தமிழ்ப் பிரிவுல பதில் எல்லாம் மிஷினே போட்டுடுமாம். ஆளும் வேண்டாம், ஆள் போட்டதைச் சரிபார்க்கவும் ஆள் வேண்டாம். "இதுவரை உடனிருந்தமைக்கு நன்றி." கீழே ரெண்டு கை கும்பிடுகிற படம்.

மிஷின் நல்லாப் போடும். x = 2 வை மறக்காது.

வேலை போனதுக்குக் கூட இல்ல. இனி ச.பா. கிட்ட எப்படிப் பேச?


ஜூலை 28, திங்கள்

நாலு நாளா ஒரு வட்டம் வரல. மடக்கை, அணி, திரிகோணமிதி. அதெல்லாம் வேற யாருக்கோ போகுது. டிக் போட்டுட்டுப் போயிடுறாங்க, ஒரு வார்த்தை கிடையாது.

ஒரு ஊர்ல ஒரு பிள்ளைக்குக் கூடவா வட்டத்துல சந்தேகம் வரல? எல்லாருக்கும் தேர்வு முடிஞ்சிட்டா?

போன் நம்பரைப் பெட்டியில எழுதிடலாமான்னு நினைச்சேன். முகம் தெரியாத ஆம்பிளை. விதவைப் பொம்பிளை நம்பரைக் கொடுத்தாள்னு ஆகிடும். யாருக்கு ஆகும்? எனக்கேதான்.

மூட்டு வலி. ஜன்னல் கொக்கி போச்சு, காத்துல அடிக்கு.


ஜூலை 30, புதன்

வந்தது! திருநெல்வேலியா தென்காசியா, எங்கேயோ ஒரு பிள்ளை. ரெண்டு வட்டம் வெளிய ஒண்ணையொண்ணு தொட்டு நிக்குது. பொதுத் தொடுகோடு மூணுன்னு ஏன் சொல்றாங்க, நாலு வரணுமேன்னு கேட்டிருக்கா. நல்ல கேள்வி. குறுக்க போகிற ரெண்டும் நெருங்கி நெருங்கி, வட்டம் தொடுகிற இடத்துல ஒண்ணாப் போயிடும் மக்கா, அதான் மூணு. மூணு படம் போட்டு, ஒவ்வொண்ணா வட்டத்தை நகட்டிக் காட்டி எழுதினேன். இதுவரை போட்டதுல இதுதான் நல்ல பதில்.

அப்புறம் குறிப்புப் பெட்டி. எழுதி அழிச்சு, எழுதி அழிச்சு. கடைசியில:

"நாளையோடு முடிகிறது. சனிக்கிழமை காலை கொட்டாரம் ஜங்ஷனில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிர் பேக்கரியில் இருப்பேன். நீங்கள் வர வேண்டும் என்று இல்லை. நான் இருப்பேன்."

அனுப்பிட்டுக் கைகழுவினேன். எதுக்குக் கைகழுவினேன்னு தெரியல.


ஜூலை 31, வியாழன்

பச்சை டிக். கீழே ஒரே வார்த்தை. "சரி."

கணக்கு சரியா? வாரேன்னு சரியா?

சாயங்காலம் ஆப் திறந்தேன். உள்ளே போக முடியல.


ஆகஸ்ட் 2, சனி

இதை ஒழுங்கா எழுதணும்.

பச்சை காட்டன் உடுத்தேன். அவிழ்த்துட்டு சாம்பல் உடுத்தேன். திரும்பவும் பச்சை.

பேக்கரியில கூட்டம் இல்ல. ரோட்டைப் பார்த்த மேஜை. டீ சொன்னேன். ஒவ்வொரு பஸ் வந்து நிக்கும்போதும் இறங்குகிற ஆம்பிளைகளைப் பார்த்தேன். வேட்டிக்காரர் ஒருத்தர், கண்ணாடி, கையில பை. சேலைத் தலைப்பைச் சரி பண்ணினேன். நேரா மருந்துக்கடைக்குப் போயிட்டார்.

அடுத்த மேஜையில ஒரு பொம்பிளை. என் வயசு, ஒண்ணு ரெண்டு கூட இருக்கலாம். மடக்குக் குடை, துணிப்பை, நரைச்ச தலையைப் படிய வாரி. ஏத்தன் வாழைப்பழ பஜ்ஜியைப் பிச்சுப் பிச்சுத் தின்னுக்கிட்டிருந்தா. அவளும் ரோட்டைத்தான் பார்த்தா. ரெண்டு தடவை கண்ணு முட்டுச்சு, ரெண்டு பேரும் திருப்பிக்கிட்டோம்.

ரெண்டாவது டீ. ஆறியும் போச்சு. வரமாட்டார். வந்திருந்தாலும் தூரத்திலிருந்து என்னைப் பார்த்துட்டுப் போயிருப்பார். எந்திரிக்கலாம்னு பையை எடுத்தேன்.

அப்பத்தான் கடைக்காரர் மேஜை துடைக்க வந்து, ரெண்டு பேரையும் பார்த்து, "என்னக்கா, ரெண்டு பேரும் வந்து எவ்வளவு நேரமாச்சு. பஸ்ஸுக்கா இருக்கிய?"

"இல்ல, ஒரு சார் வரணும்"னேன்.

அந்தப் பொம்பிளை, "நானும் ஒரு சாரைப் பாக்கத்தான்."

"ரெண்டு பேருக்கும் ஒரே சாரா?" அவருக்குச் சிரிப்பு.

"கணக்கு சார்"னேன்.

அவ கையில இருந்த பஜ்ஜியைக் கீழ வச்சா. "எந்தக் கணக்கு சார்?"

"பேர் தெரியாது. வட்டம் பாக்கிற சார்."

கையைத் துடைச்சா. அப்புறம் மெள்ள, "வட்டம் பாக்கது நானாக்கும்."

எடுத்த பையைத் திரும்ப மேஜையில வச்சேன். அவளே, "அப்ப நீங்களா அந்த மூணு தொடுகோடு?"

சிரிச்சோம். கடைக்காரருக்கு ஒண்ணும் விளங்கல, அவரும் சிரிச்சார். சிரிப்பு நின்னதும் ரெண்டு பேருக்கும் கண்ணு கலங்கி இருந்தது. அவ குடைத்துணியை நீவினா, நான் டம்ளரைப் பார்த்தேன்.

பேர் ரோஸ்லின். நான் குளோரின்னு சொன்னேன். மேற்கே புதுக்கடைங்கிற ஊர்லேருந்து நாகர்கோவில் வந்து பஸ் மாறி வந்திருக்கா. கல்யாணம் பண்ணல. பெண்கள் காலேஜ்ல தற்காலிகமா கணக்கு எடுத்தவ, அம்மாவுக்கு ஞாபகம் தப்பிப் போனதும் விட்டுட்டா.

"நான் ஆம்பிளைன்னு ஏன் நினைச்சிய?"ன்னு கேட்டேன்.

"எழுத்து. அப்படியே அழுத்தி அழுத்தி, தாள் கிழியது மாதிரி. போலீஸ்ல இருந்து ரிட்டயர்டான ஆளுன்னு நினைச்சேன். நீங்க?"

"மீண்டும் பார்க்கவும்னு எழுதினா வேற எப்படி நினைக்க?"

"அது கம்பெனி சொல்லித் தந்த தமிழு." அப்புறம், "நல்ல புடவையா எடுத்து உடுத்துட்டுதான் வந்தேன், இஸ்திரி போட்டு. ஏமாந்துட்டியளா?"

"கொஞ்சம்"னேன். "எனக்கும் கொஞ்சம்"னா அவ. திரும்பவும் சிரிப்பு.

ஒரு பெரிய தட்டு, ஒரு சாஸர். நடுவுல இடைவெளி விட்டு வச்சா. கடைக்காரர்கிட்ட நாலு ஸ்பூன் வாங்கி ரெண்டை வெளியில ஒட்டி, ரெண்டைக் குறுக்க வச்சா. "உங்க கணக்குல குறுக்க போற ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு செங்குத்து. ஒண்ணு படுத்திருக்கு, ஒண்ணு நிக்கி. சாய்வு 4/3, 3/4ன்னு தலைகீழா வந்தப்பவே தெரியும், படம் மூலைவிட்டத்துக்கு ரெண்டு பக்கமும் ஒரேபோல இருக்குன்னு. எனக்கு அந்தக் கணக்கு ரொம்பப் பிடிச்சுது. கூட இருந்து பேச ஒரு ஆளு இல்ல. அதான் திருப்பி அனுப்பினேன்."

"தப்புன்னு இல்லையா?"

"தப்புத்தான். ஆனா திருப்பி அனுப்பாம, விட்டுப் போனதை நானே எழுதி டிக் போட்டு விட்டிருக்கலாம். மத்தவங்களுக்கு அப்படித்தான் செய்வேன்."

கடைக்காரர் ஸ்பூனைத் திரும்பக் கேட்டார்.

அடுத்த வீட்டுக்காரி உச்சிப் பொழுது வரைதான் அம்மா பக்கத்துல இருப்பாளாம். ரோஸ்லின் எந்திரிச்சா. நம்பர் எழுதித் தந்தா, என் நம்பரையும் வாங்கிப் போன்ல போட்டுக்கிட்டா. பஸ்ஸுல ஏறி ஜன்னல் வழியா, "கணக்கு ஏதாவது வந்தா கூப்பிடுங்க!"

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தா, போனப்ப இருந்ததை விட வீடு அமைதி.


ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஜெபின்கிட்ட சொன்னேன். "நேத்து ஒரு ஆளைப் பாக்கப் போயிருந்தேன்."

"யாரு?" குரல் மாறிடுச்சு.

"கணக்கு டீச்சர். பொம்பிளை."

"ஓ." விசா பேப்பர் பத்திப் பேச ஆரம்பிச்சான்.


ஆகஸ்ட் 5, செவ்வாய்

வெயில். துணி எல்லாம் காய்ஞ்சது. ஜெபின் கட்டில் காலி.

காலையில பழக்கத்துல பேனாவும் தாளும் எடுத்து வச்சுட்டு உக்காந்தேன். ஒண்ணும் வரலன்னு அப்புறம்தான் உறைச்சது.

கணக்கு வந்தா கூப்பிடச் சொன்னா. கணக்கு எங்கிருந்து வரும்? சரி, நானே ஒண்ணு உண்டாக்கலாம்னு ரெண்டு வட்டம் போட்டு, ஒரு இடத்துல வேணும்னே இடறினேன், கேட்கிறதுக்கு ஒரு சாக்கு. பாதியிலயே விடை தெரிஞ்சு போச்சு. தெரியாத மாதிரிப் பேச எனக்கு வராது. கிழிச்சேன்.


ஆகஸ்ட் 7, வியாழன்

அவளும் கூப்பிடல.

அம்மாவுக்கு முடியாம இருக்கலாம். இல்ல, சும்மா மரியாதைக்குச் சொல்லியிருப்பா. பஸ் ஜன்னல்ல எல்லாரும் ஏதாவது சொல்வாங்க.

தங்கம் அவள் மகள் வீட்டுக்குப் போயிருக்கா. இன்னைக்கு முழுசும் நான் பேசினது பால்காரர்கிட்ட மட்டும். "அரை லிட்டர் போதும்."


ஆகஸ்ட் 8, வெள்ளி

மேகம். சாப்பிட்டுட்டுப் படுத்தேன், தூக்கம் இல்ல. எந்திரிச்சு யோசிக்காம நம்பரை அமுத்திட்டேன். ரிங் போகும்போதே வச்சிடலாம்னு இருந்தது.

"ஆ, குளோரி டீச்சரா! சொல்லுங்க, என்ன கணக்கு?"

"கணக்கு ஒண்ணும் இல்ல."

அந்தப் பக்கம் மழை பெய்கிறது கேட்டது.

"சும்மாதான் கூப்பிட்டேன்"னேன்.

"நானும் ரெண்டு நாளா ஒரு கணக்கு தேடிட்டு இருக்கேன், கூப்பிட. ஒண்ணும் கிட்டல்ல."

பின்னால ஒரு கிழட்டுக் குரல். "யாருட்டி போன்ல?"

"கூட்டுக்காரி, அம்மா. கொட்டாரத்துல உள்ள சிநேகிதி."

சாதம் குழைஞ்சதைச் சொன்னேன். ஜன்னல் கொக்கியைச் சொன்னேன். அவ மூணு நாளா மீன் வரலன்னா. நடுவுல அந்தக் குரல், "யாருட்டி அது?"

"கூட்டுக்காரி, அம்மா."

அம்மாவுக்கு ஞாபகத்துல நிக்காது போல. கொஞ்ச நேரத்துல மறுபடியும் கேட்டாங்க. ரோஸ்லின் சலிக்காம மறுபடியும் சொன்னா.